விடை வராத சனிக்கிழமைகள்

தெய்வநாயகிக்கு அந்த வருஷம் முப்பது முடிந்திருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஜாதகத்தில் கோளாறு என்றார்கள், படித்த திமிர் என்றார்கள். அதெல்லாம் ஒன்றும் சிதம்பர ரகசியம் இல்லை. அவள் சம்பளத்தில் வீடு ஓடியது, அவ்வளவுதான். அப்பாவின் பெயர் அப்பாவு, மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். பெண் கேட்டு யாராவது வந்தால் காபி கொடுத்து, நன்றாகப் பேசி, தெருமுனை வரை போய் வழியனுப்பி வைப்பார். அவர்கள் தலை மறைந்ததும், “பையன் மூஞ்சியே சரியில்ல” என்பார். எந்தப் பையனுடைய மூஞ்சியும் அவருக்குச் சரியாக இருந்ததில்லை. தங்கைகள் இரண்டு பேருக்கு மட்டும் மூஞ்சி சரியாக இருந்த மாப்பிள்ளைகள் கிடைத்தார்கள். அந்தக் கல்யாணங்களும் தெய்வநாயகியின் சம்பளத்தில்தான் நடந்தன.

அந்த எழுபத்தெட்டாம் வருஷம்தான் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்தினார்கள். உப்பளத்தை ஒட்டி, கடல் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்துக் கிடந்த பள்ளிக்கூடம். பிளஸ் ஒன் பிள்ளைகள் வந்து சேருவதற்கு முன்பே ஆய்வுக்கூடச் சாமான்கள் வைக்கோல் அடைத்த மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. இயற்பியலுக்குத் தெய்வநாயகி. வேதியியலுக்குப் பண்ருட்டியிலிருந்து பலராமன் என்று ஒருவர் வந்தார். அவளைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவர், அவரும் கல்யாணம் ஆகாதவர். கடைத்தெருவில் ஒரு ரூம் எடுத்துத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் எதிரே இருக்கிறவருக்குப் பாதி ஆயுசு போய்விடும்.

தலைமையாசிரியர் வெங்கடாசலம் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“பிள்ளைங்க முன்னாடி நாம முழிக்கக் கூடாது. ஒவ்வொரு சோதனையும் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முன்னாடியே செஞ்சு பார்த்துடுங்க. சரியான விடை வந்ததும் சுவத்துல எழுதி ஒட்டிடுங்க. சனிக்கிழமை லேப் சாவியை தேசப்பன்கிட்ட குடுத்து வைக்கிறேன்.”

தேசப்பன் பள்ளிக்கூட வாட்ச்மேன். ஆணும் பெண்ணும் ஒரு அறையில் வேலை செய்வதால், வாசலில் முக்காலி போட்டுக் காவல் உட்காருவதும் அவன் வேலை என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. காதை உள்ளே விட்டுவிட்டுக் கண்ணை வெளியே வைத்திருப்பான்.

ஊசல், லென்ஸ், சுருள்வில் எல்லாம் மளமளவென்று முடிந்தன. செம்பின் தன்வெப்பம் கண்டுபிடிக்கிற சோதனையில்தான் வண்டி நின்றது.

சோதனை என்னவோ சுலபம்தான். ஒரு செம்புக் குண்டை நூலில் கட்டி நீராவிக் கூட்டுக்குள் தொங்கவிட்டு, அரை மணி நேரம் சூடாக்க வேண்டும். கலோரிமீட்டர் என்கிற சின்னச் செம்புக் குவளையில் எடை போட்ட தண்ணீர் தயாராக இருக்கும். சூடான குண்டைச் சட்டென்று எடுத்து அதில் போட்டுக் கலக்கினால் தண்ணீரின் சூடு சில டிகிரி ஏறும். எவ்வளவு ஏறியது என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் செம்பின் தன்வெப்பம் வந்துவிடும். 0.09 வர வேண்டும். இதை ஒரு ஆள் செய்ய முடியாது, இரண்டு பேர் வேண்டும். நீராவிக் கூட்டின் தெர்மாமீட்டரைப் பார்த்துக் குண்டு எத்தனை டிகிரி என்று சொல்வதும், அதை எடுத்துப் போடுவதும் பலராமன். தண்ணீரை எடை போடுவதும், கலக்குவதும், அதன் சூட்டைப் பார்ப்பதும் தெய்வநாயகி. கணக்கைப் பலராமன் போடுவார்.

தண்ணீர் கொண்டுவருவதும் அவள் பொறுப்புதான். பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்புக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. ஒரு தூக்கில் மொண்டு, உப்பளத்து வரப்பு வழியே எடுத்து வருவாள்.

முதல் சனிக்கிழமை விடை 0.11 என்று வந்தது. பலராமன் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார். “எங்கயோ தப்பு இருக்குதுங்க. அடுத்த சனிக்கிழமை மறுபடி பார்க்கலாம்” என்றார். சரி என்று அவள் வீட்டுக்கு வந்தால், அம்மா செல்லம்மாள் வாசலிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

“மாங்கா ஊறப் போட உங்கப்பா பாத்தியிலருந்து மொண்டாந்து வச்ச உப்புத் தண்ணி இன்னாடி ஆச்சு? இந்தத் தூக்குல நல்ல தண்ணி இருக்குது. பார்க்காம மாங்காயப் போட்டுட்டேன். எல்லாம் பாழு.”

உப்பளத்து வீடுகளில் ஊறுகாய்க்கு உப்பைக் கரைக்கிற வழக்கம் இல்லை. உப்பு பூக்கப்போகிற பாத்தியில் தெளிவாக நிற்கிற தண்ணீரையே மொண்டு வந்துவிடுவார்கள். பார்க்கக் கிணற்றுத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். தெய்வநாயகி தூக்கை மாற்றி எடுத்துப் போயிருந்தாள். விஷயம் புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திங்கட்கிழமை பலராமனிடம் சொல்லி இரண்டு பேரும் சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “சனிக்கிழமை வந்துடுவீங்கல்ல டீச்சர்?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் கையில் இருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றார். “வர்றேன் சார்” என்று அவள் சொன்னதும் சாக்பீஸைப் பெட்டியில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். அவள் மாங்காய்க் கதையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சனிக்கிழமையோடு சோதனை முடிந்திருக்கும். முடிந்தால் அப்புறம் எந்தச் சாக்கில் அவரோடு அரை மணி நேரம் உட்காருவது?

அந்தச் சனிக்கிழமை வரப்பில் வரும்போது, தூக்கில் இருந்த நல்ல தண்ணீரைப் பாதி ஊற்றிவிட்டு, குனிந்து பாத்தித் தண்ணீரை மொண்டு நிரப்பினாள். எம்.எஸ்ஸி. படித்த டீச்சர், பிள்ளைகள் பரீட்சையில் காப்பியடித்தால் காதைத் திருகுகிறவள், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு திருட்டுத்தனம் செய்தாள்.

விடை 0.07 என்று வந்தது. “இன்னைக்கும் வரலைங்க” என்றார் பலராமன்.

“ச்சே. எப்போதான் முடியுமோ” என்று அவள் சலித்துக்கொண்டாள்.

சலித்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? வாசலில் தேசப்பன் உட்கார்ந்திருக்கிறான். விடை வராததற்கு ஒரு பெண்பிள்ளை சந்தோஷப்பட்டாள் என்று தெரிந்தால் சாயந்தரத்துக்குள் பக்கத்து ஊர் அனுமந்தை வரைக்கும் சேதி போய்விடும். அவரே அதைக் கண்டுபிடித்து, இவள் என்ன இப்படி அலைகிறாள் என்று நினைத்துவிட்டால் அதைவிட அவமானம் வேறு இல்லை. அதனால் நன்றாக, காதில் விழுகிற மாதிரி சலித்துக்கொண்டாள். அதில் மட்டும் அவள் கெட்டிக்காரி.

முதல் வாரம் விடை கூடிப் போனது, இரண்டாம் வாரம் குறைந்து போனது, அது எப்படி என்று அவள் யோசித்தாளா என்றால், இல்லை. இதே தப்பை ஒரு பிள்ளை செய்திருந்தால் நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டிருப்பாள். அவளுக்கு விடை வராமல் இருந்தால் போதும். கூடினால் என்ன, குறைந்தால் என்ன? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை உப்பு போட்டாள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை 0.07 வந்தது. எல்லாம் உப்பு செய்கிற வேலை என்று நிம்மதியாக இருந்துவிட்டாள்.

குண்டு சூடாகிற அந்த அரை மணி நேரம்தான் அவளுடைய வாரம். மற்ற நாளெல்லாம் சும்மா வந்து போயின. நீராவிக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பலராமன் அடிக்கடி குனிந்து திரியை இறக்கி வைப்பார். “காத்துல ஸ்பிரிட் வீணாப் போவுதுங்க” என்பார். இந்த மனுஷனுக்குத்தான் என்ன சிக்கனம் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. பண்ருட்டி மண் எப்படிச் சிவந்திருக்கும், அம்மாவுக்கு முட்டி வலி, மெஸ்காரர் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று சின்னச் சின்ன விஷயங்கள். அவளும் சொன்னாள். வெயில் நாளில் உப்புக் குவியலைப் பார்த்துப் பார்த்து அப்பாவின் கண் எப்படிச் சிவந்துபோகும் என்று சொன்னாள். பெண் கேட்டு வருகிறவர்களுடைய மூஞ்சியை அவர் என்ன சொல்வார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் அவர் தெர்மாமீட்டரைப் பார்த்தபடியே கேட்டார். “பண்ருட்டிப் பக்கம் வந்திருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“எங்க வீட்டுக் கொல்லையில ஒரு பலா நிக்குது. நல்லா காய்க்கும். ஒரு தரம் வாங்களேன். அம்மா பார்த்தா சந்தோஷப்படுவாங்க.”

கலக்குகிற கம்பியைக் கீழே வைத்துவிட்டாள். வர்றேன் என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாசலில் தேசப்பன் முக்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

“பார்க்கலாம் சார். முதல்ல இந்தச் சோதனை முடியட்டும். பாவம், உங்களுக்கும் எத்தனை சனிக்கிழமைதான் வீணாப் போவுது.”

“ஆமா” என்றார் பலராமன். மறுபடி தெர்மாமீட்டரைப் பார்த்து, “தொண்ணூத்தொம்பது” என்று சொல்லிக் குண்டை எடுத்துப் போட்டார். அவள் எழுதிக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. பாத்தியெல்லாம் ஒரே வெள்ளமாகிவிட்டது. கடல் எது, உப்பளம் எது என்று தெரியவில்லை. அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். வீட்டு உப்பைக் கெட்டியாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஒரு பெரிய பாட்டிலில் ஊற்றி ஆய்வுக்கூட அலமாரியிலேயே பின்னால் ஒளித்து வைத்தாள். வெங்கடாசலம் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். “ஏம்மா, ஒரு செம்புக் குண்டோட சூட்டைக் கண்டுபிடிக்க இத்தனை மாசமா? பேசாம புஸ்தகத்துல இருக்கிறதை எழுதி ஒட்டிடுங்களேன்.” பலராமன் குறுக்கே புகுந்து, “இல்ல சார், நாங்களே கண்டுபிடிச்சிடறோம்” என்றார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி அவள் அதுவரை கேட்டதில்லை.

மார்கழி முடியப்போகிற ஒரு வெள்ளிக்கிழமை, ஆசிரியர் அறையில் பலராமன் எல்லாருக்கும் பத்திரிகை வைத்தார். மஞ்சள் தடவிய பத்திரிகை. தை மாசம் கல்யாணம். பெண் அவர் அத்தை வழி உறவு, பேர் கமலாம்பாள். பண்ருட்டிக்கே மாற்றலும் வாங்கிவிட்டதாகச் சொன்னார். அம்மா, தனக்கு உடம்பு முடியவில்லை, இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டாளாம். தெய்வநாயகி பத்திரிகையை வாங்கி, எழுத்தெல்லாம் படிக்கிற மாதிரி பார்த்துவிட்டு, “ரொம்ப சந்தோஷம் சார்” என்றாள். பிறகு ஒன்பதாம் வகுப்புக்குப் போய், கரும்பலகையில் என்ன எழுத வந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. போகாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. தோப்புக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே கொண்டுபோனாள். அலமாரிப் பாட்டிலைத் தொடவில்லை. இனிமேல் யாருக்காக உப்பு போடுவது?

அன்றைக்குப் பலராமன் அவளுக்கு முன்பே வந்து விளக்கேற்றியிருந்தார். திரி நன்றாக உயர்ந்து எரிந்தது. நீராவி புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அவர் தெர்மாமீட்டரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்து, “தொண்ணூத்தொம்பது” என்றார். குண்டைப் போட்டார். அவள் கலக்கினாள். அவர் கணக்குப் போட்டார். 0.09.

“அப்பாடா. வந்துடுச்சுங்க” என்றார்.

“அப்பாடா” என்றாள் அவளும்.

அவர் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் விடையை எழுதி, பசை தடவிச் சுவரில் ஒட்டினார். “உங்களுக்கு இனிமே தொந்தரவு இல்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டு, சாவியைத் தேசப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பொங்கலுக்கு முன்பே ரூமையும் காலி செய்துவிட்டார்.

பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை வந்தது. தெய்வநாயகி எந்திரம் மாதிரி செய்முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றாள். பொன்னியும் சவரியம்மாளும் ஒரு ஜோடி. இரண்டு பேரும் உப்பளத்துப் பிள்ளைகள். பொன்னி எழுந்து நின்றாள்.

“டீச்சர், எங்களுக்கு ஜாஸ்தியா வருது. பாயிண்ட் ஒன் ஒன்.”

தெய்வநாயகி போய்ப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது. தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. அலமாரிக்குப் பின்னால் இருந்த பாட்டில் மேசை மேல் நின்றது.

“இதை யாரு எடுத்தது?”

“தூக்குல தண்ணி தீர்ந்துடுச்சு டீச்சர். இதுவும் லேப் தண்ணின்னு நினைச்சோம்” என்றாள் சவரியம்மாள்.

“இது உப்புத் தண்ணி. உப்புத் தண்ணி சீக்கிரம் சூடு ஏறிடும். நல்ல தண்ணி அஞ்சு டிகிரி ஏறுற இடத்துல இது ஆறு டிகிரிக்கு மேல ஏறும். அதனால விடை கூடத்தான் வரும். எப்பவுமே கூடத்தான் வரும், குறையாது.”

“அப்ப குறைஞ்சா டீச்சர்?” என்று பொன்னி கேட்டாள். நல்ல பெண், எதையும் பாதியில் விடமாட்டாள்.

“குறைஞ்சா தண்ணி மேல தப்பில்ல. குண்டு பக்கம் பார்க்கணும். தொண்ணூத்தொம்பதுன்னு எழுதியிருப்பீங்க, ஆனா குண்டு அவ்வளவு சூடு ஏறியிருக்காது. விளக்குத் திரியை இறக்கி வச்சுட்டு, சூடாயிடுச்சுன்னு பொய்...”

சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

முதல் வாரம் 0.11. அது வெறும் உப்பு, மாங்காய்க்கு வைத்த தண்ணீர். அதற்கப்புறம் அத்தனை சனிக்கிழமையும் அவள் உப்பு போட்டாள், ஆனால் விடை குறைந்தது. உப்பு போட்டால் குறையாது. குறைய வேண்டுமானால் குண்டு சூடாகாமலே, சூடாகிவிட்டது என்று பக்கத்தில் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். கவனக்குறைவு என்று சொல்லவும் வழியில்லை. அவள் உப்பு போடாத கடைசி நாளில் விடை கச்சிதமாக வந்ததே. அன்றைக்குத் திரி உயர்ந்து எரிந்ததே. வேண்டும் என்றபோது அவருக்குச் சரியாகச் செய்யத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் மற்ற நாளெல்லாம் வேண்டாம் என்று இருந்திருக்கிறார். அவளைப் போலவே அவரும் அடுத்த சனிக்கிழமைக்காகத்தான் விடையைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். தெய்வநாயகி அலமாரிக் கதவைத் திறந்து, அதற்குள் எதையோ தேடுகிற மாதிரி தலையை விட்டுக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்து அழுதாள். தனக்கு யாரும் இல்லை என்று அழுவது ஒரு மாதிரி. அதை அவள் பத்து வருஷமாகப் பழகியிருந்தாள். இருந்தது, பக்கத்திலேயே இருந்தது, தன் வாயாலேயே சலித்துச் சலித்து விரட்டிவிட்டோம் என்று அழுவது வேறு. அதற்கு அவளிடம் பழக்கம் இல்லை.

கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தாள். இப்போது போகாமல் இருக்க முடியவில்லை. பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், ஒன்றும் பேசக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மற்ற ஆசிரியர்களோடு வேனில் ஏறிப் பண்ருட்டிக்குப் போனாள். வழியெல்லாம் வெங்கடாசலம் கடலைக் கொட்டையை உடைத்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார்.

தாலி கட்டி முடிந்து, மேடையில் பரிசு கொடுக்க வரிசையாகப் போனார்கள். பலராமன் பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, வேறு யாரோ மாதிரி நின்றார். பக்கத்தில் கமலாம்பாள், வட்ட முகம், பயந்த சிரிப்பு. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாத பெண். அதுவும் ஒரு கஷ்டமாக இருந்தது.

“கமலா, இவங்கதான் தெய்வநாயகி டீச்சர்” என்றார் பலராமன்.

போட்டோக்காரர், “அப்படியே நில்லுங்க, இந்தப் பக்கம் பாருங்க” என்றார். வெங்கடாசலம் கமலாம்பாள் பக்கம் நின்றார். தெய்வநாயகி பலராமன் பக்கம் நின்றாள். போட்டோக்காரர் எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

“லேப் எப்படி இருக்குது டீச்சர்?” என்று பலராமன் மெல்லக் கேட்டார்.

அவர் கேட்காமல் இருந்திருந்தால் அவளும் பேசாமல் இறங்கியிருப்பாள்.

“தண்ணியில நான் உப்பு போட்டேன் சார்.”

அவருக்குப் புரியவில்லை. போட்டோவுக்காகச் சிரித்தபடியே, “என்னைக்கு?” என்றார்.

“முதல் வாரம் தெரியாம. அப்புறம் எல்லா வாரமும் தெரிஞ்சேதான். கடைசி வாரம் மட்டும் போடலை.”

அவர் மனசுக்குள் கணக்குப் போடுவதை அவள் பார்த்தாள். எத்தனை சனிக்கிழமை பார்த்த முகம், கணக்குப் போடும்போது எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கணக்கு முடிந்தது. சிரிப்பு மட்டும் அவர் முகத்தில் அப்படியே இருந்தது, அதை எடுக்க அவருக்கு மறந்துபோயிருந்தது.

“நீங்க தொண்ணூத்தொம்பதுன்னு சொன்னீங்களே, அது நிஜமா எவ்வளவு சார்?”

“எழுபது... எழுபத்தஞ்சு இருக்கும்” என்றார். பிறகு, “ஒவ்வொரு வாரமும் எப்போதான் முடியுமோன்னு சொல்லுவீங்களே டீச்சர். நான் உங்களை ரொம்பத் தொந்தரவு பண்றேன்னு நினைச்சேன்” என்றார்.

“அப்படித்தானே சார் நான் சொல்ல முடியும்.”

போட்டோ எடுத்துவிட்டார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். கமலாம்பாள் புருஷன் முகத்தைப் பார்த்து, “என்னங்க, உடம்பு ஏதாவது பண்ணுதா?” என்று கேட்டாள். “இல்லம்மா, கசகசன்னு இருக்குது” என்று அவர் மாலையைத் தளர்த்திக்கொண்டார். அந்தப் பெண் தெய்வநாயகியின் கையைப் பிடித்து, “அக்கா, கண்டிப்பா சாப்பிட்டுட்டுதான் போவணும்” என்றாள். நிஜமாகவே சொன்னாள்.

பந்தியில் வெங்கடாசலத்துக்குப் பக்கத்து இலையில் தெய்வநாயகி உட்கார்ந்தாள். சாம்பார் வந்தது. பிசைந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இலையில் விழுந்தது. துடைக்கவில்லை, குனியவில்லை, தலையைத் திருப்பவுமில்லை. எதிர்வரிசையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“ஏம்மா, என்னாச்சு? காரமா?” என்றார் வெங்கடாசலம்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை நாள் எத்தனை பொய் இப்படிச் சொல்லியிருக்கிறாள்.

“இல்ல சார். நான் அவரைக் கட்டிக்கணும்னு இருந்தேன்” என்றாள்.

பக்கத்து இலைவரை கேட்கிற குரலில்தான் சொன்னாள். வெங்கடாசலம் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். பரிமாறுகிறவன் கூட்டு வாளியோடு வந்து, வைக்கட்டுமா வேண்டாமா என்று தெரியாமல் அவள் இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.